சாட்டிலைட் படத்தில் பச்சையாகத் தெரிவதெல்லாம் காடா? ராமநாதபுரம் கடற்கரையில் ஒரு கணக்கு

மே மாதத்தில் எடுத்த ராமநாதபுரம் மாவட்டத்தின் செயற்கைக்கோள் படம் ஒன்றைத் திறந்து பாருங்கள். நெல் அறுத்த வயல்கள் பழுப்பு. மிளகாய் எடுத்து முடித்த நிலமும் பழுப்பு. தண்ணீர் வற்றிய கண்மாய்களின் தரை வெளிறிக் கிடக்கும். ஆனால் அந்தக் கண்மாய்களுக்குள்ளேயும் கரையோரத்திலும் திட்டுத் திட்டாக அடர்பச்சை தெரியும். கோடையிலும் வாடாத அந்தப் பச்சை, பெரும்பாலும் சீமைக்கருவேலம்.

அதே படத்தை அப்படியே கிழக்கே நகர்த்தினால் பாக் விரிகுடா. தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையில் கடலோரத்தில் இன்னொரு பச்சைத் திட்டு இருக்கும். அது காரங்காடு அலையாத்திக் காடு.

ஒன்றை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றம் வரை வழக்கு போனது. இன்னொன்றைப் பாதுகாத்து, சுற்றுலாப் பயணிகளுக்குப் படகு விடுகிறது வனத்துறை. படத்தில் மட்டும் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நிறம்.

இதில் என்ன பிரச்சினை என்று கேட்கலாம். இன்று காடு எவ்வளவு இருக்கிறது, கூடியதா குறைந்ததா, மரங்கள் நலமாக இருக்கின்றனவா என்ற கேள்விகளுக்கெல்லாம் முதல் பதில் மேலிருந்துதான் வருகிறது. அந்தப் பதிலை எப்படி வாசிப்பது என்பதில்தான் சிக்கல்.

'காடு' என்று எதை எண்ணுகிறார்கள்?

இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் இந்திய வன நிலை அறிக்கையை இந்திய வன அளவை நிறுவனம் செயற்கைக்கோள் படங்களை வைத்துத் தயாரிக்கிறது. அதில் 'வனப்பரப்பு' என்பதற்கான வரையறை எளிமையானது. குறைந்தது 1 ஹெக்டேர் நிலம். அதில் மரங்களின் மேற்கூரை, அதாவது விதானம், 10 சதவீதமாவது மூடியிருக்க வேண்டும். நிலம் யாருடையது, என்ன மரம், நட்டதா தானாக முளைத்ததா என்பதெல்லாம் கணக்கில் இல்லை.

இந்த வரையறைப்படி பார்த்தால் தென்னந்தோப்பும் சவுக்குத் தோப்பும் உள்ளே வந்துவிடும். கண்மாயை அடைத்து நிற்கும் சீமைக்கருவேலமும் வந்துவிடும். அலையாத்திக் காடுகளை அறிக்கை தனியாகவும் கணக்கிட்டுச் சொல்கிறது என்பது ஓர் ஆறுதல். மற்றபடி, பச்சை என்றால் பச்சைதான்.

இந்த மாவட்டத்துக்கு இது வெறும் புள்ளிவிவரப் பேச்சு இல்லை. சீமைக்கருவேலம் இந்த மண்ணின் மரம் கிடையாது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. 1877-ல் ஜமைக்காவிலிருந்து தருவித்த விதை அன்றைய சென்னை மாகாணத்தின் கடப்பா பகுதியில் விதைக்கப்பட்டது. விறகுக்கும் வேலிக்கும் உதவும் என்று பிற்காலத்தில் அரசே பரப்பியது. 2017-ல் தென் மாவட்டங்களில் இதை அகற்ற உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. அதே ஆண்டு அதற்கு இடைக்காலத் தடையும் வந்தது. 2022-ல் அயல் தாவரங்களை அகற்றிக் காடுகளை மீட்பதற்கான கொள்கையைத் தமிழ்நாடு அரசு வெளியிட்டது.

அதே 2022-ல்தான் பசுமைத் தமிழ்நாடு இயக்கமும் தொடங்கியது. மாநிலத்தின் வன, மரப் பரப்பை 33 சதவீதமாக உயர்த்துவது அதன் இலக்கு.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு கண்மாயில் சீமைக்கருவேலத்தை வேரோடு எடுத்தால், படத்தில் பச்சை குறையும். அந்த இடத்தில் நாட்டு மரங்களை நட்டால் அவை விதானம் கட்ட ஆண்டுகள் ஆகும். அதுவரை மேலிருந்து பார்ப்பவருக்கு அது 'காடழிப்பு' மாதிரிதான் தெரியும். எந்தப் பச்சை போனது என்று படத்தால் சொல்ல முடிந்தால் இந்தக் குழப்பம் வராது. சொல்ல முடியுமா?

கேமரா பார்ப்பது மரத்தை இல்லை, வெளிச்சத்தை

செயற்கைக்கோளில் இருக்கும் கருவி அளப்பது ஒன்றே ஒன்றைத்தான்: தரையில் பட்டுத் திரும்பி வரும் சூரிய ஒளி, எந்த அலைநீளத்தில் எவ்வளவு. மற்றதெல்லாம் அதிலிருந்து நாம் ஊகித்துக்கொள்வது.

இலையில் உள்ள பச்சையம் நீல ஒளியையும் சிவப்பு ஒளியையும் விழுங்கிவிடும். பச்சையைக் கொஞ்சம் திருப்பி அனுப்பும். அதனால்தான் நம் கண்ணுக்கு இலை பச்சை. ஆனால் இலை அதிகமாகத் திருப்பி அனுப்புவது பச்சையை இல்லை, நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியை. டிவி ரிமோட்டின் முனையை போனின் செல்ஃபி கேமராவில் பார்த்தபடி பட்டனை அழுத்தினால் மங்கலான ஊதா நிறத்தில் ஒரு புள்ளி மின்னுமே, அந்த வகை ஒளிதான். செழிப்பான இலை தன்மேல் படும் அண்மை அகச்சிவப்பில் கிட்டத்தட்டப் பாதியைத் திருப்பிவிடும். இதற்குக் காரணம் பச்சையம் கிடையாது. இலைக்குள் செல்களும் காற்று இடைவெளிகளும் மாறி மாறி இருப்பதால் ஒளி அங்குமிங்கும் சிதறி வெளியே வந்துவிடுகிறது.

சிவப்பு குறைவு, அகச்சிவப்பு அதிகம் என்றால் அங்கே இலை இருக்கிறது. இந்த வித்தியாசத்தை ஒரே எண்ணாக்குவதுதான் 'என்டிவிஐ' என்ற தாவரக் குறியீடு. அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். அவ்வளவுதான். எண் 1-ஐ நெருங்கினால் அடர்த்தியான தாவரம். 0-வை ஒட்டினால் வெறும் மண்.

கேட்க எளிமையாக இருக்கிறது. இதே எண் எப்படி ஏமாற்றும் என்பதைக் கடற்கரையில் பார்த்தால் புரியும்.

ஒரே மரம், இரண்டு எண்

ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் தரும் படங்கள் இலவசம். அதில் ஒரு பிக்சல் என்பது தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். அந்தச் சதுரத்துக்குள் மரம், மண், தண்ணீர் எது இருந்தாலும் எல்லாம் கலந்து ஒரே மதிப்பாகத்தான் வரும்.

புரிதலுக்காக ஒரு கணக்கு. அடர்ந்த இலைப்பரப்பு அகச்சிவப்பில் 45 சதவீதமும் சிவப்பில் 5 சதவீதமும் திருப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். குறியீடு 0.8. தண்ணீர் அகச்சிவப்பில் 2, சிவப்பில் 3. வெளிர் மணல் அகச்சிவப்பில் 30, சிவப்பில் 25.

இப்போது பிக்சலில் பாதி மரம், பாதி தண்ணீர். சராசரி எடுத்தால் அகச்சிவப்பு 23.5, சிவப்பு 4. குறியீடு 0.71. மரம் பாதியாகக் குறைந்தும் எண் பெரிதாக இறங்கவில்லை!

அதே பாதி மரம், ஆனால் மீதிப் பாதி மணல். சராசரி அகச்சிவப்பு 37.5, சிவப்பு 15. குறியீடு 0.43.

மரம் அதே அளவு, இலையும் அதே இலை. கீழே இருப்பது தண்ணீரா மணலா என்பது மட்டுமே மாறியது. எண்ணை மட்டும் பார்ப்பவர் ஒன்றை 'செழிப்பு' என்பார், இன்னொன்றை 'பாதிப்பு' என்பார்.

காரங்காட்டில் இது கற்பனை இல்லை. பாக் விரிகுடாவில் ஓதம் ஏறி இறங்கும் உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனால் கரை தட்டையாக இருப்பதால் அந்தக் கொஞ்ச உயரமே நிறையச் சேற்றை மூடித் திறக்கும். சென்டினல்-2 கடப்பது எப்போதும் காலை பத்தரை மணி வாக்கில். ஓதத்தின் நேரமோ தினமும் தள்ளிப்போகும். அதனால் ஒரு நாள் படத்தில் மரத்தடியில் தண்ணீர், அடுத்த முறை சேறு. இரண்டு படங்களையும் ஒப்பிட்டு 'அலையாத்தி அடர்த்தி மாறிவிட்டது' என்று சொல்வதற்கு முன், அந்த இரண்டு நாட்களின் ஓத அட்டவணையைப் பார்த்தாக வேண்டும்.

ராமேஸ்வரம் தீவிலும் மண்டபம் பக்கத்திலும் மணலில் நிற்கும் பனைக்கு இதற்கு நேர் எதிரான கதை. பனை ஓலை எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் தலை சிறிது, கீழே வெளிர் மணல். குறியீடு தாழ்ந்தே இருக்கும். தமிழ்நாட்டின் மாநில மரம், இந்தக் கணக்கில் பாவம், எப்போதும் குறைந்த மார்க்தான் வாங்கும்.

இலையின் ரசாயனத்தை விண்ணிலிருந்து படிக்கலாமா?

இலை இருக்கிறதா என்பதைத் தாண்டி, இலையில் என்ன இருக்கிறது என்பது அடுத்த கட்டக் கேள்வி. குறிப்பாக நைட்ரஜன். ஒளிச்சேர்க்கை செய்யும் புரதங்களில் இருப்பது நைட்ரஜன்தான். ஆகவே ஒரு காட்டு விதானத்தின் நைட்ரஜன் தெரிந்தால், அது எவ்வளவு கார்பனை இழுக்கும் என்று மதிப்பிடலாம்.

இதற்குச் சாதாரண கேமரா போதாது. சென்டினல்-2 ஒளியை 13 பட்டைகளாகப் பிரிக்கிறது. நாசாவின் 'அவிரிஸ்-என்ஜி' கருவி 400-க்கும் மேற்பட்ட மெல்லிய பட்டைகளாகப் பிரிக்கும். 2015 டிசம்பர் முதல் 2016 மார்ச் வரை இஸ்ரோவின் விமானத்தில் அதைப் பொருத்தி, இந்தியாவில் 50-க்கும் மேற்பட்ட இடங்களில் பறக்கவிட்டார்கள். சுந்தரவனம், ஒடிசாவின் பிதர்கனிகா ஆகிய அலையாத்திக் காடுகளும் அதில் அடங்கும். 2018 நவம்பரில் இஸ்ரோ ஹைசிஸ் என்ற செயற்கைக்கோளையும் இதே வகைக் கருவியோடு அனுப்பியது.

இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்தாலும் ஒரு தடை இருக்கிறது. புரதம் ஒளியை விழுங்கும் தடங்கள் பெரும்பாலும் குறுஅலை அகச்சிவப்பில் இருக்கின்றன. பச்சை இலையில் உள்ள தண்ணீரும் அதே பகுதியில் ஒளியை நன்றாக விழுங்கும். காய்ந்த இலைத்தூளை ஆய்வகத்தில் வைத்தால் தெளிவாகத் தெரியும் தடம், ஈரமான இலையில் மங்கிப்போகும். அதனால் ஆய்வாளர்கள் நேரடியாக நைட்ரஜனை 'பார்ப்பதில்லை'. தரையில் இலை பறித்து அளந்த நைட்ரஜனையும் மேலிருந்து வந்த ஒளி அளவையும் பக்கத்தில் வைத்து, இரண்டும் எப்படிச் சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று ஒரு சூத்திரம் கண்டுபிடிக்கிறார்கள்.

இங்கேதான் ஒரு பெரிய சண்டை நடந்தது.

2008-ல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்காட் ஆலிங்கரும் குழுவினரும் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மிதவெப்ப, குளிர் மண்டலக் காடுகளில் நைட்ரஜன் அதிகமான விதானம் அண்மை அகச்சிவப்பை அதிகமாகத் திருப்புகிறது என்பது அவர்களின் கண்டுபிடிப்பு. அது உண்மையென்றால் சாதாரண செயற்கைக்கோளை வைத்தே உலகக் காடுகளின் நைட்ரஜனை வரைந்துவிடலாம்.

பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் யூரி க்னியாஸிகின் தலைமையிலான குழு 2013-ல் அதே இதழில் மறுத்தது. அவர்கள் கேட்டது எளிய கேள்வி. அந்த அலைநீளத்தில் இலை ஒளியை விழுங்குவதே இல்லை. நைட்ரஜனுக்கு அங்கே எந்தத் தடமும் கிடையாது. பிறகு எப்படி அது நைட்ரஜனைக் காட்டும்? அவர்களின் பதில்: அது காட்டுவது மரத்தின் வடிவத்தை. ஊசியிலை மரங்களில் இலைகள் கொத்துக் கொத்தாக இருப்பதால் ஒளி உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. அகன்ற இலை மரங்கள் ஒளியை வெளியே அனுப்பிவிடுகின்றன. அகன்ற இலைகளில் நைட்ரஜனும் அதிகம். ஆக, இரண்டும் சேர்ந்து ஏறுவதற்குக் காரணம் மர வகை, நைட்ரஜன் இல்லை.

பாம்பன், மண்டபம் துறைமுகக் கணக்கில் சொன்னால் இன்னும் லேசாகப் புரியும். ஐஸ் விற்பனை ஏறும் நாட்களில் டீசல் விற்பனையும் ஏறும். காரணம், அன்று விசைப்படகுகள் கடலுக்குப் போகின்றன. ஐஸ் கணக்கைப் பார்த்தே டீசல் கணக்கை ஓரளவு சொல்லிவிடலாம். ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்க, நாட்டுப்படகுகள் மட்டும் போகும். அவற்றுக்கும் ஐஸ் வேண்டும். விசைப்படகு அளவுக்கு டீசல் வேண்டாம். பழைய சூத்திரம் அந்த 61 நாளில் தப்பாகிவிடும். சூத்திரம் ஐஸை அளந்தது சரிதான். படகு மாறியது அதற்குத் தெரியாது.

ஆலிங்கர் குழுவும், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் பிலிப் டவுன்செண்ட் குழுவும் அதே ஆண்டு பதில் எழுதின. மரத்தின் வடிவமும் இலையின் நைட்ரஜனும் பரிணாமத்தில் சேர்ந்தே உருவானவை, ஒன்றைக் கழித்துவிட்டு இன்னொன்றைத் தனியாகத் தேடுவதில் அர்த்தமில்லை என்பது அவர்கள் வாதத்தின் சாரம். இதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் வரைபடத்தை வெறுமனே பயன்படுத்துபவருக்கு க்னியாஸிகினின் எச்சரிக்கைதான் அதிகம் உதவும். ஊசியிலைக் காட்டையும் அகன்ற இலைக் காட்டையும் வைத்துக் கட்டிய சூத்திரத்தை ஊசியிலையே இல்லாத ராமநாதபுரத்தில் போட்டால், வரும் எண்ணுக்கு என்ன பொருள்?

இங்கே சிக்கல் இன்னும் ஒரு படி கூடுதல்

இலையில் நைட்ரஜன் அதிகம் உள்ள மரத்தைத் தேடினால் சீமைக்கருவேலத்தைப் பிரித்துவிடலாம் என்று தோன்றும். அது அவரைக் குடும்பம், வேரில் நைட்ரஜனை நிலைநிறுத்தக்கூடியது. ஆனால் நம்முடைய நாட்டுக் கருவேலமும் அதே குடும்பம்தான், அதே வேலையைத்தான் செய்கிறது. சிறிய கூட்டிலைகள், முள், கண்மாய் வாசம் என எல்லாம் ஒத்துப்போகும்.

இந்த வித்தியாசம் முக்கியம். 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், 2025-ல் சேர்ந்த சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் ஆகிய நான்கு பறவைகள் சரணாலயங்களும் இந்த மாவட்டத்துக் கண்மாய்கள்தான். அங்கே வரும் நீர்ப்பறவைகள் கூடு கட்டுவது கருவேல மரங்களில். 'முள்மரம்' என்று படம் சொல்வதை நம்பி ஜேசிபியை இறக்கினால் எந்தக் கருவேலம் போகும் என்பது சின்ன விஷயம் இல்லை.

ஒரே படத்தை உற்றுப் பார்ப்பதைவிட, ஆண்டு முழுவதும் வந்த படங்களை வரிசையாக அடுக்கிப் பார்ப்பது அதிகம் பலன் தரும். எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியிலும் கென்யாவின் பாரிங்கோவிலும் சீமைக்கருவேலப் பரவலை ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் படங்களை வைத்து வரைந்திருக்கிறார்கள். ஆழமாக வேர் விடுவதால் மற்றவை காயும்போதும் இது பச்சையாக நிற்கும் என்பது இதில் நல்ல துப்பு. நம் ஊரில் வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு எல்லாமே பச்சை, அதனால் ஜனவரி படம் உதவாது. ஏப்ரல், மே படங்கள் உதவும். ஆனால் ஈரம் தங்கும் கண்மாய்க்குள் நாட்டுக் கருவேலமும் கோடையில் பச்சையாகத்தானே நிற்கும்? ஆமாம். அங்கே தரைக்கு இறங்கித்தான் ஆக வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. முதுகுளத்தூர், கமுதி, சாயல்குடி பக்கம் சீமைக்கருவேலம் என்றால் கரிமூட்டம். பலருக்கு அதுதான் பிழைப்பு. வெட்டுவார்கள், அடிக்கட்டை தளிர்க்கும், சில ஆண்டுகளில் மறுபடி வெட்டுவார்கள். படத்தில் ஓர் ஆண்டு பச்சை காணாமல் போய்த் திரும்ப வருவதைப் பார்த்து 'காடழிந்தது', 'காடு மீண்டது' என்று இரண்டு செய்தி எழுதிவிடலாம். நடந்தது ஓர் அறுவடை.

தரையில் என்ன செய்கிறார்கள்?

சரியான முறை மெதுவானது. செயற்கைக்கோள் கடக்கும் நாளை ஒட்டிக் களத்துக்குப் போக வேண்டும். பிக்சல் அளவுக்குச் சதுரம் குறித்து, ஜிபிஎஸ் புள்ளி எடுத்து, என்ன மரம், எவ்வளவு விதானம், கீழே மண்ணா தண்ணீரா என்று எழுத வேண்டும். இலையை எட்டிய கிளையில் பறிக்கக் கூடாது. வெயில் படும் உச்சி இலைதான் வேண்டும், மேலிருந்து தெரிவது அதுதானே. காரங்காடு மாதிரி இடத்தில் இதைப் படகில் போய்ச் செய்ய வேண்டும். அங்குள்ள வெண்கண்டல் மரம் இலை வழியே உப்பைக் கக்கும். இலையின் அடிப்புறமோ வெளிறியிருக்கும். உப்புப் படிந்த இலையும் மழை கழுவிய இலையும் ஒளியை ஒரே மாதிரி திருப்பாது என்பதால் அதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

நீங்களே கோபர்நிகஸ் பிரவுசரில் உங்கள் ஊரைப் பார்க்க நினைத்தால் 'எல்2ஏ' என்ற வகைப் படத்தை எடுங்கள். காற்றுமண்டலத்தின் கலப்பைக் கழித்துவிட்டுத் தருவது அது. 'எல்1சி'-யில் கடலோர மூட்டமும் சேர்ந்தே இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மேகத்தால் படம் கிடைப்பதே கஷ்டம்.

மேகம் தடுக்காத கண் ஒன்று இப்போது மேலே இருக்கிறது. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன, நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து கட்டிய நிசார். அது ரேடார். சூரிய ஒளியை நம்பாமல் தன் அலையை அனுப்பி எதிரொலியைக் கேட்கிறது. 12 நாட்களுக்கு ஒருமுறை அதே இடத்துக்கு வருகிறது. அதன் நீண்ட அலை சுமார் 24 செ.மீ. இலைகளைக் கடந்து கிளையிலும் தண்டிலும் மோதித் திரும்பும்; மரத்தடியில் தண்ணீர் நின்றால் எதிரொலி இன்னும் பலமாக வரும். இலையின் ரசாயனம் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. ஆனால் மரத்தின் வடிவத்தையும் அடியில் நிற்கும் தண்ணீரையும் அது தனியாகச் சொல்லிவிட்டால், சென்டினல் தரும் எண்ணிலிருந்து அந்தப் பங்கைக் கழித்துப் பார்க்க ஒரு வழி கிடைக்கும்.